கருவிழியில் கசிந்த வெள்ளை

ஒரு பட்டுப்புடவையைப் பார்த்து முடிக்க ஜெயப்ரியாவுக்குப் பதினோரு நிமிடம் ஆகும். அவசரப்படுத்தினால் பன்னிரண்டு ஆகும்.

சின்ன காஞ்சிபுரத்தில் உள்ள ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் அவளுக்கு அதுதான் வேலை. நெசவாளர்கள் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவரும் புடவையை வடக்கு ஜன்னலுக்கு முன்னால் கம்பியில் போட்டு, முழம் முழமாக இழுத்துப் பார்ப்பாள். குறை தென்பட்ட இடத்தில் ஒரு சின்ன வெள்ளை நூலைக் கட்டிவிடுவாள். நூல் விழாத புடவைக்கு முத்திரை விழும். வடக்கு ஜன்னலில் வெயில் நேராக அடிக்காது. அதனால் காலையிலும் மாலையிலும் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும், ஏமாற்றாது.

அவளுக்கு ஒரு விதி உண்டு: முதலில் இழை, பிறகு நிறம். மாம்பழ மஞ்சளும் அரக்குக் கரையும் கண்ணை நிறைத்துவிட்டால், உள்ளே ஓர் இழை நழுவியிருப்பது தெரியாமல் போகும். ஆகவே புடவை வந்ததும் நிறத்தைப் பார்க்க மாட்டாள். இழை எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்துவிடுவாள்.

அவள் நெசவாளர் வீட்டில் பிறந்தவள் அல்ல. ஊர் கூரம். அம்மா ரேணுகாம்பாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஜெயப்ரியா பி.காம். முடித்துவிட்டுச் சங்கத்தில் புடவைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அடுக்கும்போதே, சோதித்து அனுப்பப்பட்டவற்றில் ஏழு புடவைகளை ஒருநாள் தனியே எடுத்து வைத்தாள். ஐந்தில் குறை இருந்தது. மற்ற இரண்டில் தான்தான் தப்பாகப் பார்த்துவிட்டதாக அவளே போய்ச் சொன்னாள். செயலாளருக்கு அந்த ஐந்தைவிட இந்த இரண்டுதான் பிடித்துப்போனது. பழைய சோதனையாளர் ஓய்வு பெற்றதும் அவளை ஜன்னலுக்கு மாற்றினார்.

முதல் வருடம் நெசவாளர்கள் அவளை விட்டுவைக்கவில்லை. முப்பது வருடமாகத் தறியில் உட்காரும் பூவராகவன், தன் புடவையின் கோர்வையில், அதாவது உடலும் கரையும் பின்னிச் சேரும் இடத்தில், அவள் நூல் கட்டுவதைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார். "நாத்து நட்ட வூட்டுப் பொண்ணு. கோர்வையைப் பத்தி நமக்குப் பாடம் எடுக்குது."

ஜெயப்ரியா முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "நாத்துலயும் வரிசை கோணினா தெரியும்ணா. எங்கம்மா அதுக்கு எத்தினி வாட்டி வரப்புல நின்னு திட்டு வாங்கியிருக்காங்க."

பூவராகவன் அந்த இடத்தை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். இரண்டு இழைகள் அவர் கண்முன்னே நழுவின. புடவையை மடித்துக்கொண்டு போனார். அதிலிருந்து தன் புடவையை அவளிடம் மட்டும்தான் கொடுக்கிறார். சண்டை போடாமல் கொடுத்த நாள்தான் இன்னும் வரவில்லை.

இப்படிப்பட்டவள், ஒரே ஒரு முறை நிறத்தைப் பார்த்து ஏமாந்தாள். அது புடவையில் அல்ல.

அவள் கணவன் சரத்குமார் நெல் அறுக்கும் இயந்திரத்தின் ஓட்டுநர். தாமல் ஏரி நிரம்பிய வருடம். தை பிறந்ததும் ஏரிக்குக் கீழே அத்தனை வயலும் ஒரே நேரத்தில் அறுப்புக்கு வந்தன. ஒரு புதன்கிழமை வண்டியின் வாயில் வைக்கோல் சிக்கிக்கொண்டது. இறங்கிக் கையால் பிடுங்கும்போது, உமியும் சுணையுமாக ஒரு கொத்து முகத்தில் அடித்தது. வலது கண்ணில் ஏதோ குத்திய மாதிரி இருந்தது. துண்டால் தேய்த்தான், வாய்க்கால் தண்ணீரில் கழுவினான், மறுபடி வண்டியில் ஏறினான். பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு ஏக்கர் அறுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கண் சிவந்து நீர் வழிந்தது. மணல் கிடப்பது போல உறுத்துகிறது என்றான். ஜெயப்ரியா டியூப் லைட்டுக்குக் கீழே நிறுத்திப் பார்த்தாள். கருவிழியின் மேல் ஊசிமுனை அளவுக்கு ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. விளக்கின் பிரதிபலிப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அவன் தெருமுனை மருந்துக்கடையில் நின்றான். கடைக்காரர் சிட்டிபாபு கண்ணைத் தூரத்திலிருந்தே பார்த்து மெட்ராஸ் ஐ என்றார். சிவப்புக்கு நன்றாகக் கேட்கும் என்று ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்தார். நன்றாகவே கேட்டது. சனிக்கிழமை கண் வெளுத்துவிட்டது. வலியும் குறைந்தது. ஞாயிறும் திங்களும் அவன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனான். கண் தெளிந்துவிட்டது என்று ஜெயப்ரியா அம்மாவுக்குப் போனில் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை, எட்டு மணி இருக்கும். வெளியே பனி இன்னும் விலகவில்லை. சரத்குமார் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்பக்கமிருந்து எழுந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். ஏன் என்று கேட்டாள். வெயில் கூசுகிறது என்றான். அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். தெருவில் எங்கும் வெயில் இல்லை.

ஐந்து நாளாகத் தான் பார்த்ததெல்லாம் சிவப்பைத்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிறத்தைப் பார்த்துவிட்டு இழையைப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

கையலம்பக்கூட விடாமல் அவனைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். அந்த வாசல் வடக்குப் பார்த்தது. முக்காலியில் உட்காரவைத்து, தன் காதைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டிலிருந்து பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். கருவிழியில், நடுவிலிருந்து சற்று விலகி, அரை மிளகு அளவுக்கு ஒரு வெள்ளை இருந்தது. அன்று பார்த்தது விளக்கின் பிரதிபலிப்பு அல்ல.

அளவைவிட அதன் ஓரம்தான் அவளைப் பயமுறுத்தியது. நெசவில் விழுந்த குறைக்கு ஓரம் திட்டமாக இருக்கும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். சாயம் கசிந்த இடம் அப்படி இருக்காது. ஓரம் இறகு மாதிரிப் பிசிறடித்து, பக்கத்து இழைகளுக்குள் ஊறிக்கொண்டே போகும். நேற்று பார்த்த இடத்தில் இன்று நிற்காது. அவன் கண்ணில் இருந்தது கசிகிற ஓரம்.

சரத்குமார் ஒத்துக்கொள்ளவில்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை, பிறகென்ன என்றான். ஏரிக்குக் கீழே இன்னும் பாதி வயல் அறுப்பு பாக்கி. போகாவிட்டால் வண்டியின் சொந்தக்காரர் ஆத்தூரிலிருந்து வேறு ஓட்டுநரை வரவழைத்துவிடுவார். வந்தவன் இந்தப் பருவம் முடிகிறவரை போகமாட்டான்.

ஜெயப்ரியா வாதம் செய்யவில்லை. அவன் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, சுவரில் தொங்கிய தேதி காலண்டரைக் காட்டினாள். இன்று என்ன தேதி என்று கேட்டாள். அந்த எண் உள்ளங்கை அகலம் இருக்கும். அவன் கழுத்தை நீட்டினான், சாய்த்தான்.

"தாள் தெரியுது," என்றான் கடைசியில்.

பத்து மணிக்கு அவர்கள் கண் மருத்துவமனையில் இருந்தார்கள். டாக்டர் பிரவீனா அதிகம் பேசாதவர். சொட்டு மருந்துப் புட்டியை வாங்கி எழுத்தைப் படித்தார். ஸ்டீராய்டு என்று சொல்லிவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். கண்ணை மரக்கவைத்து, புண்ணின் மேலிருந்து துளி சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கிக்கு அனுப்பினார். அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. பூஞ்சை. நெல்லின் சுணையோடு உள்ளே போயிருக்கிறது. கடையில் வாங்கிய மருந்து சிவப்பையும் வலியையும் அமுக்கி, உடம்பு அதை எதிர்க்க விடாமலும் செய்திருக்கிறது. மேலே அமைதி. அதற்கு அடியில் பூஞ்சை தாராளமாக வளர்ந்திருக்கிறது.

தானும் ஒருமுறை நுண்ணோக்கியில் பார்க்கலாமா என்று ஜெயப்ரியா கேட்டாள். நோயாளியின் வீட்டார் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும், டாக்டர் ஒரு கணம் யோசித்துவிட்டு அவளை நுண்ணோக்கி இருந்த அறைக்கு அழைத்துப் போனார். ஜெயப்ரியா குனிந்து பார்த்தாள். கிளை விட்ட நூல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. அவள் பார்த்ததிலேயே மோசமான நெசவு அது.

புது மருந்தை மணிக்கு ஒரு முறை, இரவிலும் விட வேண்டும். வெள்ளிக்கிழமை வரவேண்டும். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை. டாக்டர் இன்னொன்றும் சொன்னார், ஜெயப்ரியா அதை மனப்பாடம் செய்துகொண்டாள். சிவப்பை இனி நம்ப வேண்டாம். வெள்ளை பெரிதானாலோ, பக்கத்தில் புதுப் புள்ளி முளைத்தாலோ, வலி திரும்பினாலோ, பார்வை இன்னும் மங்கினாலோ, கருவிழியின் அடியில் வெள்ளை தேங்கினாலோ, குறித்துக் கொடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே வரவேண்டும்.

கூரத்திலிருந்து ரேணுகாம்பாள் வந்து பகல் நேரச் சொட்டுகளை ஏற்றுக்கொண்டாள். இரவை ஜெயப்ரியா எடுத்துக்கொண்டாள். ஆனால் சொட்டு விடுவதோடு அவள் நிற்கவில்லை. சங்கத்தில் புடவை டிசைன் போடுகிற கட்டம் போட்ட தாளில் நாலு வாங்கி வந்தாள். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை என்பது அந்தத் தாளின் கணக்கு. கருவிழிக்கு இருபத்துநான்கு கட்ட அகலத்தில் ஒரு வட்டம் போட்டாள். மூக்குப் பக்கத்தை ‘மூ’ என்றும் காதுப் பக்கத்தை ‘கா’ என்றும் குறித்தாள். தினமும் காலை எட்டரைக்கு, அதே முக்காலியில், அதே வாசல் வெளிச்சத்தில் வெள்ளையைப் பார்த்து, அது எத்தனை கட்டம் பிடிக்கிறதோ அத்தனையைப் பென்சிலால் நிரப்பினாள். ஒருநாளுக்கு ஒரு வட்டம். நேற்றைய வட்டத்தைப் பார்த்துவிட்டு இன்றையதைப் போடக் கூடாது என்று அதைத் தாளால் மூடி வைத்துக்கொள்வாள். கையும் கண்ணும் சேர்ந்து பொய் சொல்லும் என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம்.

முதல் நாள் முப்பத்தொரு கட்டம். அடுத்த மூன்று நாளும் முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் நின்றது. வெள்ளிக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, பரவவில்லை, இதே மருந்து போகட்டும், அடுத்த வெள்ளி வாருங்கள் என்றார். சரத்குமாருக்கு முகம் தெளிந்தது. சனிக்கிழமை வண்டிக்காரருக்குப் போன் போட்டு, வரும் வாரக் கடைசியில் வந்துவிடுவதாகவும் அதுவரை வேறு ஆளைப் போடவேண்டாம் என்றும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கட்டம் இருபத்தொன்பது.

திங்கட்கிழமை காலை, வெள்ளை அதே இருபத்தொன்பதில் நின்றது. ஓரம்கூடச் சற்று மழுங்கியிருந்தது. நல்ல செய்திதான். ஜெயப்ரியா பென்சிலை எடுத்தாள், எடுத்தவள் வைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். கருவிழியின் அடிவிளிம்பில், டம்ளரில் குடித்துவிட்டு வைத்த மோர் அடியில் நிற்கிற மாதிரி, மட்டமாக ஒரு வெள்ளைக் கோடு. ஓர் இழை கனம்தான். கண்ணீராக இருக்குமோ என்று அவனை இரண்டு முறை இமைக்கச் சொன்னாள். கோடு அசையவில்லை. வலிக்கிறதா என்று கேட்டாள். மருந்து எரிகிறது, அவ்வளவுதான் என்றான். எப்போதிலிருந்து என்று கேட்டாள். நேற்று சாயந்தரத்திலிருந்து என்றான்.

மருத்துவமனைக்குப் போகலாம், கிளம்பு என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. டாக்டரே வெள்ளிக்கிழமை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், சீட்டை எடுத்துப் பார் என்றான். புண் பெரிதாகவில்லை என்று நீயே சொல்கிறாய் என்றான். இன்று போனால் படுக்கவைத்துவிடுவார்கள் என்பதுதான் உள்ளே இருந்த பயம். படுத்தால் வண்டி ஆத்தூர்க்காரனுக்குப் போய்விடும். குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கட்டத்தாளைத் தட்டிவிட்டான்.

"நான் இன்னா புடவையா? தெனம் வெளிச்சத்துல வச்சிப் பாத்துக்கினே இருக்கிற."

ரேணுகாம்பாள் அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். ஜெயப்ரியா தாளைக் குனிந்து எடுத்தாள்.

"புடவையா இருந்தா திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிக்கலாம் மாமா," என்றாள். "இதுக்கு நான் எங்க போவேன்?"

அவன் முக்காலியிலிருந்து எழுந்தான். பிறகு சட்டையை எடுத்து மாட்டினான்.

சங்கத்தில் அன்று கல்யாண முகூர்த்தத்துக்கான புடவைகள் குவிந்திருந்தன. விடுப்பு கேட்டுப் போன் செய்தபோது செயலாளர் தயங்கினார். கூடத்தில் வரிசையில் நின்ற பூவராகவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, செயலாளர் கையிலிருந்த போனை நோக்கியே பேசியதாகப் பிற்பாடு சொன்னார்கள். "என் புடவை ஒரு நாள் இருக்கட்டும்பா. அதுக்கு இன்னா, கண்ணா இருக்குது போறதுக்கு?"

டாக்டர் பிரவீனா விளக்குக்கருவியில் நெடுநேரம் பார்த்தார். பிறகு, இந்தக் கோட்டை யார் பார்த்தது என்று கேட்டார். ஜெயப்ரியா தாளை நீட்டினாள். ஆறு வட்டங்கள். ஆறாவதன் அடியில் மட்டும் மெல்லிய ஒரு கீற்று. எத்தனை மணிக்குப் பார்த்தாய், எந்த வெளிச்சத்தில், ‘மூ’ என்றால் என்ன என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தன் குறிப்பில் இருந்த அளவுகளோடு வெள்ளிக்கிழமை வட்டத்தை ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. கண்ணுக்குள்ளே சீழ் சேரத் தொடங்கியிருக்கிறது, மேலே புண் நின்றாலும் பூஞ்சை ஆழத்துக்கு இறங்குகிறது என்றார். அன்றே படுக்கையில் சேர்த்து, இரண்டாவது மருந்தைத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சரத்குமார் கேட்டான். டாக்டர் நயமாகப் பேசுகிறவர் அல்ல. கருவிழி ஓட்டை விழுந்திருக்கலாம், வேறொருவர் கண்ணிலிருந்து கருவிழி எடுத்து வைக்கவேண்டி வந்திருக்கலாம், அப்போதும் வண்டி ஓட்டுகிற பார்வை கிடைக்கும் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு அவன் ஆத்தூர்க்காரனைப் பற்றிப் பேசவில்லை.

கோடு வற்ற ஆறு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். வண்டி எதிர்பார்த்தபடியே வேறு கைக்குப் போயிருந்தது. தாமல் வயல்களில் வைக்கோல் கட்டுகள்தான் நின்றன.

ஜெயப்ரியா ஒரு நாள் சிட்டிபாபு கடைக்குப் போனாள். சண்டை வரும் என்று எதிரே டீக்கடையில் இரண்டு பேர் எழுந்துகூட நின்றார்கள். அவள் கட்டத்தாளைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் விரித்து, முதல் வட்டத்திலிருந்து விரல் வைத்து விளக்கினாள். கருவிழியில் வெள்ளை இருந்தால், பார்வை மங்கினால், வெளிச்சம் கூசினால் சொட்டு கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள் என்றாள். சிட்டிபாபுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அறுப்பு நாள்ல பத்து பேரு வருவாங்கம்மா. எல்லாருமே மெட்ராஸ் ஐ-ன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்," என்றார். இப்போது அவர் கண் என்று வருகிறவர்களை முதலில் கடைக்கு வெளியே வெளிச்சத்தில் நிறுத்துகிறார். அந்தப் பங்குனியில் மட்டும் மூன்று பேரை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார். அதில் ஒருவர் அவளுடைய சங்கத்து நெசவாளர்.

வட்டங்கள் ஐம்பத்தெட்டு வரை போயின. இருபது கட்டம், பதினைந்து, பன்னிரண்டு. ஓரம் இறுகி, கசிவு நின்று, வெறும் தழும்பாக மாறியது. கடைசி மூன்று வாரமும் பதினொன்றிலேயே அசையாமல் நின்றதும் அவள் பென்சிலை வைத்தாள். டாக்டரும் அதே வாரம் மருந்தை நிறுத்தினார். தழும்பு போகாது, ஆனால் நடுப்பார்வையை மறைக்காத இடத்தில் இருக்கிறது, வயலுக்குப் போகும்போது பக்கமும் மூடிய கண்ணாடி இல்லாமல் வண்டியில் ஏறவே கூடாது என்றார்.

அடுத்த போகமான நவரை நெல் அறுப்புக்கு வந்தபோது பழைய வண்டிக்காரரே கூப்பிட்டார். ஆத்தூர்க்காரன் ஊருக்குப் போய்விட்டானாம். கிளம்புகிற காலையில் ஜெயப்ரியா சரத்குமாரை மறுபடி அந்தக் காலண்டருக்கு முன்னால் நிறுத்தி, இடது கண்ணைப் பொத்தினாள்.

தேதியைச் சட்டென்று சொன்னான். கிழமையைச் சொன்னான். கீழே இருந்த பொடி எழுத்துக்கு வந்ததும் தலையைச் சாய்த்தான்.

"ராகு காலம் தெரியுது. குளிகை தெரியல."

"வண்டி ஓட்டக் குளிகை வாணாம்," என்று அவள் கையை எடுத்துவிட்டு, பக்கம் மூடிய கண்ணாடியை அவன் சட்டைப் பையில் வைக்காமல் முகத்திலேயே மாட்டிவிட்டாள். மணி எட்டரை. பூவராகவன் புடவை கொண்டுவருகிற நாள், சண்டைக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.